சாயம் போகும், உத்தரவாதம்

துணிக்கடையில் துணியை விரித்துப் போட்டதும் நம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "சாயம் போகாதே?" என்பதுதான். கடைக்காரரும் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டுவார். 1960களில் அமெரிக்கக் கடைகளில் ஒரு துணி இதற்கு நேர்மாறாக விற்றது. சாயம் கட்டாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். போகாவிட்டால் அது போலி. வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்ல. யேல், பிரின்ஸ்டன் மாணவர்களும், வக்கீல்களும் வங்கி அதிகாரிகளுமான அவர்களுடைய அப்பாக்களும்தான். துணியின் பெயர் மெட்ராஸ். நம் வீட்டுக் கொடியில் காயும் கட்டம் போட்ட கைலியின் கூடப்பிறப்பு.

மெட்ராஸ் கட்டம் அச்சில் விழுவதல்ல, தறியில் விழுவது. நூலுக்கு முதலில் சாயம் ஏற்றி, பிறகுதான் பாவு ஓடுவார்கள். சிவப்புப் பாவில் சிவப்பு ஊடை விழுந்தால் அசல் சிவப்பு. அதே ஊடை நீலப் பாவைக் கடக்கும்போது இரண்டும் கலந்து ஊதாவாகத் தெரியும். இப்படி நான்கு நிற நூலைப் பாவிலும் ஊடையிலும் போட்டால் துணியில் பத்து நிறம் கிடைக்கும். முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் கிடையாது. நூலோ குட்டை இழைப் பருத்தி. ஆங்காங்கே தடித்து நிற்கும். அவுரியில் நீலம், மஞ்சள் கிழங்கில் மஞ்சள் என்று ஏற்றிய பழைய சாயங்களில் எல்லாமே நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை. துவைக்கத் துவைக்க ஒரு நிறம் பக்கத்துக் கட்டத்துக்குள் இறங்கும். இந்தத் தடிப்பும் கசிவும்தான் பின்னாளில் இதன் தலையெழுத்தை மாற்றின.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே 1639இல் மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்ததே துணிக்காகத்தான். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் அதற்கு முன்பே கோட்டை கட்டி, கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியும் நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தியது. நெசவுக்கென்றே 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது. தறியிலிருந்து இறங்கிய துணி லண்டன் வழியாக எங்கெங்கோ போனது. அதில் கணிசமான பங்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே இந்தியத் துணி பணமாகப் புழங்கியது. அந்தப் பணத்தால் மனிதர்களையும் வாங்கினார்கள். நம் ஊர் நெசவாளி நெய்த முழங்கள் அடிமை வியாபாரத்தின் கணக்குப் புத்தகத்திலும் இருக்கின்றன. மெட்ராசின் பயணத்தைச் சொல்பவர்கள் பலரும் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள்.

நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் இதைத் தங்கள் குலத்துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் வைத்த பெயர் 'இஞ்சிரி'. ஆணும் பெண்ணும் இடுப்பில் சுற்றுவார்கள். ஆனால் வந்த துணியை வந்தபடி கட்டுவது அவர்களுக்குப் போதவில்லை. பெண்கள் உட்கார்ந்து ஊசி முனையால் வெளிர் நிற இழைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பிளேடால் வெட்டி உருவி எடுத்தார்கள். கட்டத்துக்குள் சல்லடை போல இன்னொரு கோலம் விழும். இப்படி வெட்டிய துணிக்குப் 'பெலெத்தே பிதே' என்று பெயர். எத்தனையோ நாள் நெய்ததைப் பிரித்து அழகு பார்க்கும் கலை இது. குடும்பத்தில் பெரியவர் இறந்தால், பெட்டியில் சேர்த்து வைத்த துணிகளை எடுத்து, உடலைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிப்பார்கள். எந்தக் குடும்பத்தில் எவ்வளவு துணி இருக்கிறது என்பதில் அந்தக் குடும்பத்தின் கௌரவம் தெரியும்.

கரீபியத் தீவுகளில் துணி தலைக்கு ஏறியது. பிரெஞ்சுக்காரர்களின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் கறுப்பினப் பெண்கள் மெட்ராஸ் துண்டைத் தலையில் முடிந்துகொண்டார்கள். அந்த முடிச்சிலும் சேதி வைத்தார்கள். ஒரு முனை நிமிர்ந்து நின்றால் மனசு காலி. நான்கு முனை நின்றால், ஆள் இருக்கிறான், ஆனாலும் வந்து பேசிப் பார்க்கலாம். ஸ்பெயின் ஆட்சியிலிருந்த நியூ ஆர்லியன்ஸில் 1786இல் ஆளுநர் மீரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியை மூடிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களின் அலங்காரம் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கண்ணை உறுத்தியதாம். அந்தப் பெண்களோ, மூடச் சொன்ன துணியையே மகுடமாக்கிக்கொண்டார்கள். மார்த்தினிக்கில் ஒரு தனித் தொழிலே கிளம்பியது. துண்டில் உள்ள மஞ்சள் கட்டங்களை மட்டும் தூரிகையால் தீட்டிப் பளிச்சென்று ஆக்கித் தரும் கைகாரிகள் இருந்தார்கள். 1890இல் வெளியான தன் பயணநூலில் எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். செயிண்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளின் தேசிய உடையில் இன்றும் இந்தக் கட்டம் உண்டு.

அமெரிக்க ஆண்களின் ஃபேஷனில் மெட்ராஸ் பெரிதாகப் பிடித்தது தீவுப் பயணங்களின் வழியாகத்தான். 1930களில் அமெரிக்காவே வேலையில்லாமல் திண்டாடியபோது, காசுள்ளவர்கள் குளிர்காலத்தைப் பஹாமாஸிலும் பெர்முடாவிலும் கழித்தார்கள். திரும்பி வரும்போது மெட்ராஸ் சட்டையோடு வந்தார்கள். எல்லோரும் ஒட்டுப் போட்ட உடுப்பில் இருக்கும்போது, இந்தச் சட்டை போட்டவன் கப்பல் டிக்கெட் வாங்க வசதியுள்ளவன் என்பது சொல்லாமலே விளங்கும்.

பிறகு வந்தது 1958. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்து, லீலா லேஸ் நிறுவனத்தின் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர் விலைக்குச் சரக்கெடுத்தார். இதே நாயர்தான் பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். அவர் பிற்காலத்தில் சொன்ன கதை இது. குளிர்ந்த நீரில் அலசித்தான் துவைக்க வேண்டும் என்று அவர் எச்சரித்து அனுப்பினார். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க உடுப்பு நிறுவனம் ஜேக்கப்சனிடம் வாங்கிய 10,000 கெஜத்தில் உடுப்பு தைத்து விற்றது. எச்சரிக்கை மட்டும் வாடிக்கையாளரிடம் போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டவர்களின் துணியெல்லாம் நிறம் மாறியது. புகார் குவிந்தது, வழக்குப் பேச்சும் எழுந்தது. அப்போது யாருக்கோ உதித்த யோசனை எல்லோரையும் காப்பாற்றியது. 'செவன்டீன்' பத்திரிகையில் நாயரின் பேட்டியோடு ஒரு கட்டுரை வந்தது: ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் இந்திய அதிசயத் துணி இது! புகார் சொன்னவர்களே வரிசையில் நின்றார்கள். 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்ற பெயர் நிலைத்தது. சாயம் வெளுத்தால் குட்டு உடைந்தது என்போம் நாம்; இங்கே சாயம் வெளுத்ததால் மவுசு கூடியது.

வெளுத்த மெட்ராஸ் ஏன் பெருமையானது? சட்டை வெளுக்கப் பல கோடைகள் ஆகும். வெளுத்த சட்டை போட்டவன் நேற்று பணக்காரன் ஆனவனில்லை, பரம்பரைக்காரன் என்று அர்த்தம். புதுசு போட்டால்தான் மதிப்பு என்கிற உலகில், பழசாகத் தெரிவதற்காக வாங்கிய உடுப்பு இது. எஸ். இ. ஹின்டன் எழுதி 1967இல் வெளியான 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் பணக்கார வீட்டுப் பையன்களை அடையாளம் காட்டுவது இந்த மெட்ராஸ் சட்டைதான். அணிவதற்கும் எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. மே மாதக் கடைசி விடுமுறையில் எடுத்து, செப்டம்பர் தொடக்கத்தில் உள்ளே வைத்துவிட வேண்டும். மெட்ராஸ் கோட் போட்டால் காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சாக்ஸ் இல்லாத லோஃபர் போதும். மற்றதெல்லாம் அடக்கி வாசிக்க வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலைஹூ யேல், 1687 முதல் 1692 வரை மெட்ராசின் கவர்னராக இருந்தவர். அவர் 1718இல் அந்தக் கல்லூரிக்கு அனுப்பிய நன்கொடையில் காலிகோ, மஸ்லின் அடங்கிய துணி மூட்டைகள் இருந்தன. அவற்றை விற்று வந்த பணம் கட்டடம் எழும்ப உதவியது. துணி விற்ற காசும் சேர்ந்து எழுந்த கல்லூரியில், 240 ஆண்டு கழித்து, மெட்ராஸ் துணி உடுத்திய பையன்கள் நடமாடினார்கள்.

அங்கிருந்து ஜப்பான். 1964இல் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் மெட்ராஸ் கட்டமும் கணுக்கால் தெரியும் கால்சட்டையுமாகக் கூடிய இளைஞர்களை, ஒலிம்பிக் வரும் நேரத்தில் ஊர் மானம் போகிறதே என்று போலீஸ் வளைத்துப் பிடித்தது. அதற்கடுத்த ஆண்டு வெளியான 'டேக் ஐவி' என்ற புகைப்பட நூல், அமெரிக்க மாணவர்களின் உடையை ஜப்பானுக்குப் பாடமாகவே ஆக்கியது. 2010இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது அமெரிக்கர்கள் தங்கள் தாத்தாக்களின் உடுப்பை அதிலிருந்து திரும்பக் கற்றார்கள்.

பருவத்துக்குப் பருவம் மாறுவதுதான் ஃபேஷன் என்கிறது வியாபாரம். ஜூனில் மிலானிலும் பாரிஸிலும் அடுத்த கோடைக்கான ஆண்கள் உடுப்பு மேடையேறுகிறது. ஜனவரியில் அடுத்த குளிருக்கானது. 2025 ஜூனில் மிலான் மேடையில் ப்ராடா காட்டிய செருப்பு கோலாப்பூர்ச் செருப்பை உரித்து வைத்திருந்தது. அது எந்த ஊருடையது என்று சொல்லவில்லை. இந்தியாவில் கூச்சல் கிளம்பிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். மெட்ராசுக்கு அந்தக் குறை கிடையாது. ஊர்ப் பெயர் துணியோடு ஒட்டியே போனது. இருந்தும் நெய்தவன் பெயர் எந்த ஊரிலும் இறங்கவில்லை. கலபாரிப் பெண்ணும் மார்த்தினிக் தூரிகைக்காரியும் நியூயார்க் பத்திரிகை ஆசிரியரும் ஆளுக்கொரு அர்த்தம் ஏற்றினார்கள். விலை ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏறியது. தறிமேட்டில் கெஜக் கூலி மட்டும் ஏறத் தயங்கியது.

குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைலிக்கு இன்றும் நூலுக்கு முதலில் சாயம் ஏற்றித் தறியில்தான் கட்டம் விழுகிறது. பெரும்பாலும் விசைத்தறி, ரசாயனச் சாயம், கசியாத நிறம். நாம் கேட்டதைக் கொடுக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளன் கைத்தறியையும், நூலின் தடிப்பையும், துவைத்தால் மாறும் நிறத்தையும் தேடிப் பணம் கொடுக்கத் தயார். குறை என்று நாம் கழித்ததற்கு அவன் வைக்கும் அந்த விலையை, இடையில் இருப்பவர்கள் எல்லாம் எடுத்துக்கொள்ளும் முன் நெசவாளி நேராகக் கேட்டு வாங்க வழி செய்தாலொழிய, இந்தத் துணியின் பயணத்தில் தறிக்காரனுக்கு லாபமில்லை.