சேதுக்கரையில் சமயங்களுக்கிடையிலான உரையாடல்

சமயங்களுக்கிடையிலான உரையாடல் என்பது, வெவ்வேறு சமயத்தாரும் சமய நம்பிக்கை இல்லாதாரும் மதமாற்ற நோக்கமோ வாதில் வெல்லும் நோக்கமோ இன்றி, தத்தம் கொள்கையில் நின்றபடியே ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளப் பேசிப் பழகும் முயற்சியாகும். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரை இக்கட்டுரையில் சேதுக்கரை எனக் குறிக்கப்படுகிறது. இங்கு இம்முயற்சி மாநாட்டு அரங்குகளில் தொடங்கவில்லை. தோணி, வணிகம், யாத்திரை, நேர்த்திக்கடன் ஆகியவற்றால் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த மக்களிடையே அது முளைத்தது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலம் இதற்கு மிகச் செழுமையான சான்றாகும். கடல் வணிகத்தில் ஈடுபட்ட தமிழ் முஸ்லிம்களாகிய மரைக்காயர்களுள் தலைசிறந்தவரான கீழக்கரைச் சீதக்காதி அம்மன்னருக்கு நெருங்கிய துணைவராக விளங்கினார். இந்துப் புலவரான படிக்காசுப் புலவர் சீதக்காதியைப் போற்றிப் பாட, நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழ்க் காப்பிய மரபில் கூறும் சீறாப்புராணத்தை இயற்றிய உமறுப்புலவர் அவருடைய ஆதரவைப் பெற்றார். இசுலாமிய வரலாறு தமிழ்க் காப்பியத்தின் நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் தனதாக்கிக்கொண்டதை, எந்த விவாத மேடையும் எட்டியிராத ஆழமான உரையாடலாகவே கருதவேண்டும்.

எனினும் அதே மன்னரின் ஆட்சியில்தான், அருளானந்தர் எனத் தமிழர் அழைக்கும் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். கிறித்தவராக மாறிய தடியத்தேவர் என்னும் மறவர் தலைவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவினர் என்பதும் இதற்கு உடனடிக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இந்நிகழ்வை மறைத்துவிட்டு இப்பகுதியின் நல்லிணக்கத்தை மட்டும் பேசுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. ஒரு சமயத்தாரை அரவணைத்த அரசு, குடும்ப உறவையும் அரசியல் விசுவாசத்தையும் மதமாற்றம் தொட்டபோது கடுமை காட்டியது என்பதே அதன் பொருள்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மரபில் வந்த பாஸ்கர சேதுபதி (1868–1903), 1893 செப்டம்பரில் சிகாகோவில் கூடிய உலகச் சமயங்களின் மாநாட்டுக்குச் செல்லுமாறு சுவாமி விவேகானந்தரைத் தூண்டியவர்களுள் முதன்மையானவர். நவீன சமய உரையாடல் இயக்கத்தின் தொடக்கமாகப் பலரும் கொள்ளும் அம்மாநாட்டுக்குப் பின் இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர், 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கிச் சேதுபதியின் வரவேற்பைப் பெற்றார். மறுநாள் இராமேசுவரம் கோயிலில் அவர் ஆற்றிய ஆங்கில உரை, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மை வழிபாடு என்ற கருத்தை வலியுறுத்தியது. அது அங்கேயே தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி பற்றி, இராமேசுவரத்தில் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நெருக்கமான சித்திரம் ஒன்றைத் தருகிறது. அவருடைய தந்தை ஜைனுலாப்தீனும் இராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியும் தத்தம் மரபு உடையில் அமர்ந்து ஆன்மிகம் பேசுவது வழக்கம். சீதாராமர் திருக்கல்யாண விழாவில் உற்சவ மூர்த்திகளை ஏற்றிச் செல்லும் படகுகளைக் கலாமின் குடும்பம் ஏற்பாடு செய்தது. ஆயினும் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், அர்ச்சகர் மகனின் அருகே அமர்ந்திருந்த சிறுவன் கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். லட்சுமண சாஸ்திரி அவரை அழைத்து, பிஞ்சு மனங்களில் நஞ்சை விதைக்கலாகாது எனக் கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். பெரியவர்களின் நட்பு, வகுப்பறை அநீதியைத் தட்டிக்கேட்கும் துணிவாக மாறிய இந்த இடமே நூலின் பல பக்கங்களைவிட ஆராயத்தக்கது.

பொதுவழிபாட்டு இடங்களில் ஏர்வாடியிலுள்ள சுல்தான் செய்யிது இப்ராகிம் ஷஹீத் தர்கா குறிப்பிடத்தக்கது. அதன் சந்தனக்கூடு விழாவிலும், மனநோய் தீர வேண்டும் நேர்த்திகளிலும் இந்துக்கள் பெருமளவில் பங்கேற்கின்றனர். ஆனால் 2001 ஆகஸ்டு 6 அன்று அவ்வூரின் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். நம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் இடையே உரையாடல் எவ்வளவு அவசியம் என்பதை நாடு அன்று உணர்ந்தது.

சமய நம்பிக்கை இல்லாதாரோடு நடந்த உரையாடலுக்கு, அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த குன்றக்குடி முன்னுதாரணமாகும். அங்குள்ள சைவ மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார் (1925–1995), கடவுள் மறுப்பாளரான பெரியார் ஈ. வெ. ராமசாமியின் கருத்துகளை முதலில் எதிர்த்துப் பேசியவர். பின்னர் அவரோடு நெருங்கிப் பழகினார். மடத்தில் அளிக்கப்பட்ட திருநீற்றைப் பெரியார் மறுக்காமல் ஏற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. தீண்டாமை ஒழிப்பு இருவருக்கும் பொதுவான கவலையாக இருந்தது. 1982இல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோது, அடிகளார் நேரில் சென்று அமைதிப் பணியில் ஈடுபட்டார்.

இத்தகைய உரையாடலின் தேவை அண்மைக் காலத்திலும் வெளிப்பட்டது. 2017 ஜூலையில் இராமேசுவரம் அருகே பேக்கரும்பில் திறக்கப்பட்ட கலாம் நினைவகத்தில், அவர் வீணை மீட்டும் சிலையின் அருகே பகவத் கீதை மட்டும் இடம்பெற்றது சர்ச்சையானது. அவருடைய குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் அதனருகே வைத்தனர். அதற்கும் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.