ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மாற்றம்

நடப்பிலிருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியைச் சரண்டர் செய்தோ (முடித்துச் சேர்ந்த மதிப்பைப் பெற்றோ), பிரீமியத்தை நிறுத்தி லேப்ஸ் ஆகவிட்டோ, பெய்ட்-அப் ஆக்கியோ (மேற்கொண்டு கட்டாமல் குறைந்த தொகையோடு தொடரவிட்டோ) அதன் இடத்தில் புதிய பாலிசி எடுப்பது பாலிசி மாற்றம் எனப்படும். பழையதை முற்றாக மூடினால்தான் மாற்றம் என்றில்லை. அதன் மேல் கடன் வாங்கி, அந்தப் பணத்தைப் புதிய பாலிசிக்குப் பிரீமியமாகக் கட்டுவதையும் அமெரிக்க மாநிலங்களின் விதிகள் மாற்றம் என்றே கொள்கின்றன. முகவர் மாற்றத்தைப் பரிந்துரைப்பது அமெரிக்காவிலோ இந்தியாவிலோ ஒட்டுமொத்தமாகத் தடை செய்யப்படவில்லை. ஆனால் பழையதை விடுவதால் வரும் நஷ்டம் உடனே தெரியும். புதியதால் வரும் லாபம் பல ஆண்டுகள் தள்ளித்தான் தெரியும். அதனால் லாபத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் பொறுப்பு முகவருடையது.

பின்னணி

பாலிசியை விட்டால் கட்டிய பணமெல்லாம் போய்விடும் என்பதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடைமுறை. 1844இல் லண்டன் சென்ற அமெரிக்கக் கணித அறிஞர் எலிசர் ரைட், பிரீமியம் கட்ட முடியாத முதியவர்களின் பாலிசிகள் ராயல் எக்ஸ்சேஞ்சில் ஏலம் போவதைப் பார்த்தார். ஏலம் எடுத்தவர் மிச்சப் பிரீமியத்தைக் கட்டிவருவார். முதியவர் சீக்கிரம் இறந்தால் ஏலம் எடுத்தவருக்கு ஆதாயம். பின்னாளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் காப்பீட்டு ஆணையரான ரைட்டின் முயற்சியால், விடப்பட்ட பாலிசியின் மதிப்பு பறிபோகாமல் காக்கும் சட்டம் 1861இல் அங்கே வந்தது. 1880இல் சரண்டர் மதிப்பை ரொக்கமாகத் தரும் சட்டமும் வந்தது. பாலிசிதாரருக்குப் பெரிய பாதுகாப்பு இது. கூடவே, பழைய பாலிசிக்குள் எடுக்கக்கூடிய பணம் ஒன்று உண்டாகி, அதைக் காட்டிப் புதியதை விற்கும் வழியும் திறந்தது.

மாற்றத்தின் இரு முகங்களையும் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கா கண்டது. ஜார்ஜியாவில் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஆர்ட் வில்லியம்ஸ் 1977இல் தொடங்கிய ஏ.எல். வில்லியம்ஸ் நிறுவனம், வாழ்நாள் பாலிசியை விட்டுவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி வாங்கி, மிச்சமாகும் பணத்தை முதலீடு செய்யச் சொன்னது. குறைந்த பிரீமியத்தில் பல நடுத்தரக் குடும்பங்களின் காப்பீட்டுத் தொகை பன்மடங்கானது. மறுபக்கம் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் விவகாரம். அதன் முகவர்கள் சிலர், பழைய பாலிசியில் சேர்ந்திருந்த பணத்தை உருவிப் புதிய பாலிசிகளை விற்றிருந்தார்கள். அந்தப் பணம் கரைந்ததும் பிரீமியம் கட்டச் சொல்லி வாடிக்கையாளருக்குக் கடிதம் வந்தது. பல மாநில ஆணையர்களின் கூட்டு விசாரணைக்குப் பின் 1996இல் நிறுவனத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1982 முதல் 1995 வரை பாலிசி எடுத்தவர்களுக்கான தீர்வுச் செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது.

அமெரிக்கக் காப்பீட்டு ஆணையர்கள் சங்கத்தின் மாதிரி விதிகளின்படி, ஏற்கெனவே பாலிசி உண்டா என்று முகவர் விண்ணப்பத்தின்போதே கேட்க வேண்டும். மாற்றம் குறித்த எச்சரிக்கை அறிவிப்பை வாசித்துக் காட்டி, விண்ணப்பதாரரும் முகவரும் கையெழுத்திட வேண்டும். புதிய நிறுவனம் 5 வேலை நாட்களுக்குள் பழைய நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் தேவையில்லாத மாற்றங்களின் வேர் முகவரின் கமிஷனில் இருக்கிறது. முதிர்விலும் பணம் தரும் நீண்ட கால எண்டோமென்ட் பாலிசிகளுக்கு முதலாண்டு பிரீமியத்தில் 35 சதவீதம் வரை, அடுத்த 2 ஆண்டுகளுக்கு 7.5 சதவீதம், அதன்பின் 5 சதவீதம் என்பதே நெடுங்காலம் உச்சவரம்பு. ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டும் பழைய வாடிக்கையாளரால் முகவருக்கு வருவது 2,500 ரூபாய். அதே ஆள் பழையதை விட்டு அதே பிரீமியத்தில் புதியது எடுத்தால் 17,500 ரூபாய் வரை. 2023 ஏப்ரலில் வகைவாரி வரம்புகள் நீக்கப்பட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கே வரம்பு வைக்கப்பட்டது. ஆனாலும் முதலாண்டில் கூடுதல் கமிஷன் என்ற வழக்கம் மறையவில்லை.

இதை உணர்ந்தே முகவர்களுக்கான நடத்தை விதி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பாலிசியை முடிக்கும்படி வாடிக்கையாளரை நெருக்கி, அது முடிந்த 3 ஆண்டுகளுக்குள் தன் வழியாகவே புதியது எடுக்கவைக்கக் கூடாது என்கிறது அது. கமிஷனில் பங்கு தருகிறேன் என்று ஆசைகாட்டுவதும் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குற்றம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

மாற்றினால் இழப்பவை

20 ஆண்டு, 5 லட்சம் ரூபாய் எண்டோமென்ட் பாலிசி ஒன்றுக்கு ஆண்டுக்கு 25,000 வீதம் 7 பிரீமியம் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். கட்டியது 1,75,000. நான்காம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரை உத்தரவாதச் சரண்டர் மதிப்பு கட்டியதில் 50 சதவீதம்தான், அதாவது 87,500. நிறுவனம் தனியாகக் கணக்கிடும் சிறப்புச் சரண்டர் மதிப்பு பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் அமலான விதிகள், முதலாண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டியவருக்கே சிறப்புச் சரண்டர் மதிப்பு கிடைக்கச் செய்தன. அதே பாலிசியைப் பெய்ட்-அப் ஆக்கினால் காப்பீட்டுத் தொகை 5 லட்சத்தில் இருபதில் ஏழு பங்காக, அதாவது 1,75,000 ஆகக் குறையும். சேர்ந்த போனஸோடு முதிர்வில் கைக்கு வரும். ‘சரண்டர் பண்ணிடலாம்’ என்று சொல்லும் முகவர் இந்த இரண்டாவது வழியைச் சொல்லாமல் விடுவதுண்டு.

பணத்தைவிடப் பெரிய இழப்பு காலம். 2015இல் திருத்தப்பட்ட 45ஆம் பிரிவின்படி, பாலிசி 3 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. புதிய பாலிசியில் அந்த 3 ஆண்டு முதலிலிருந்து ஓடும். தற்கொலை விலக்குக்கான 12 மாதமும் அப்படியே. வயது கூடியிருப்பதால் பிரீமியமும் கூடும். இடையில் சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ வந்திருந்தால் இன்னும் ஏறும், அல்லது விண்ணப்பமே நிராகரிக்கப்படும்.

வரிச் சலுகையும் பாலிசி பிறந்த தேதியைப் பொறுத்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவு, 2003 ஏப்ரலுக்கு முந்தைய பாலிசிகளுக்குப் பிரீமிய வரம்பு வைக்கவில்லை. 2012 மார்ச் வரை எடுத்தவற்றுக்கு ஆண்டு பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதத்துக்குள்ளும், அதற்குப் பிந்தியவற்றுக்கு 10 சதவீதத்துக்குள்ளும் இருந்தால்தான் முதிர்வுத் தொகைக்கு வரிவிலக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் எடுத்த, யூலிப் (சந்தை முதலீட்டோடு இணைந்த பாலிசி) அல்லாத பாலிசிகளில், ஆண்டு பிரீமியம் மொத்தமாக 5 லட்சத்தைத் தாண்டினால் அந்த விலக்கும் போய்விடுகிறது. பழைய பாலிசியை விட்டவர் புதிய விதிக்குள் வந்து விழுவார்.

மாற்றம் பொருந்தும் இடங்கள்

எப்போது மாற்றலாம் என்பதற்குக் கணக்கு வழியில் விடை தேடியவர் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பெல்த். ஆண்டின் தொடக்கத்தில் உள்ள சரண்டர் மதிப்பையும் அந்த ஆண்டு பிரீமியத்தையும் கூட்டி, நியாயமான வட்டியைச் சேர்க்க வேண்டும். அதிலிருந்து ஆண்டு இறுதிச் சரண்டர் மதிப்பையும் கைக்கு வந்த போனஸையும் கழித்தால், எஞ்சுவதுதான் அந்த ஓராண்டுப் பாதுகாப்பின் விலை.

மேலே சொன்ன பாலிசியில் எட்டாம் ஆண்டுத் தொடக்கச் சரண்டர் மதிப்பு 1,20,000 என்றும், ஆண்டு இறுதியில் அது 1,48,000 ஆகிறது என்றும் கொண்டால், 25,000 பிரீமியத்தையும் 6 சதவீத வட்டியையும் சேர்த்து 1,53,700 வரும். விலை 5,700 ரூபாய். அந்த ஆண்டில் நிறுவனம் உண்மையில் சுமக்கும் பொறுப்பு, போனஸைச் சேர்க்காமல் பார்த்தால், 5 லட்சத்தில் 1,48,000 போக 3,52,000. ஆகவே ஆயிரம் ரூபாய்ப் பாதுகாப்புக்குச் சுமார் 16 ரூபாய் செலவாகிறது. இந்த விலை, வயதுவாரியாகத் தாம் வகுத்த அளவுகோல் விலையைப் போல இரு மடங்குக்கு மேல் போனால் மட்டுமே மாற்றத்தை யோசிக்கலாம் என்றார் பெல்த். ஏற்கெனவே கட்டிய பிரீமியம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இனி கட்டப்போவதும் இனி கிடைக்கப்போவதும்தான் வருகின்றன.

டேர்ம் பாலிசிக்குப் பதில் டேர்ம் பாலிசி எடுப்பதுதான் சிக்கல் குறைந்த மாற்றம். இழக்கச் சரண்டர் மதிப்பு இல்லை. புகைப்பழக்கத்தை விட்டவர், விலை மலிந்தபின் அதே தொகையைக் குறைந்த பிரீமியத்தில் பெறக்கூடிய நல்ல உடல்நிலை உள்ளவர் ஆகியோருக்கு இது பொருந்தும். நிறுவனமே ஆட்டம் காண்பதும் ஒரு காரணம்: 1991 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் எக்ஸிக்யூடிவ் லைஃப் நிறுவனத்தை மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்தபோது பாலிசிதாரர்கள் தவித்துப் போனார்கள். தொடங்கி ஓரிரு ஆண்டே ஆன, கட்டுப்படியாகாத எண்டோமென்ட் பாலிசியையும் விடலாம். ஆனால் 2 ஆண்டு பிரீமியம் கட்டுமுன் விட்டால், வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் பெற்ற கழிவு திரும்ப வருமானத்தில் சேரும்.

முதிர்வுக்குச் சில ஆண்டே மிச்சமுள்ள பாலிசி, உடல்நலம் குன்றியவரின் பாலிசி, இறுதிக் கூடுதல் போனஸுக்குத் தகுதி நெருங்கிவரும் பாலிசி ஆகியவற்றை மாற்றுவது பெரும்பாலும் நஷ்டம். காப்பீட்டுத் தொகை போதவில்லை என்பது மட்டும் குறையானால், பழையதைத் தொடாமல் பக்கத்தில் ஒரு டேர்ம் பாலிசி சேர்த்தால் போதும்.

நடைமுறை

மாற்றுவது என்று முடிவானபின் வரிசை தவறக் கூடாது. முதலில் கிளையிலிருந்து சரண்டர் மதிப்பு, பெய்ட்-அப் மதிப்பு, சேர்ந்த போனஸ், கடன் பாக்கி ஆகியவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். புதிய பாலிசிக்கு மருத்துவப் பரிசோதனை முடிந்து, பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து, பாலிசியைத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் 30 நாள் ஃப்ரீ லுக் காலத்தில் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்த பிறகே பழையதைச் சரண்டர் செய்ய வேண்டும்.

புரொபோசல் படிவத்தில் ஏற்கெனவே உள்ள பாலிசிகளைக் கேட்கும் கட்டத்தை வெறுமனே விடுவது குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தும். 2009 ஜூலையில் ஒரு நிறுவனத்தில் பாலிசி எடுத்த ஒருவர், செப்டம்பரில் வேறு நிறுவனத்தில் 10 லட்சத்துக்கு எடுத்தபோது முந்தையதைக் குறிப்பிடவில்லை. 2010 பிப்ரவரியில் அவர் இறந்தார். இரண்டாவது நிறுவனம் தொகை தர மறுத்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு சரியே என்றது. படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்திட்டவரே பொறுப்பாளி என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பொய் சொல்லி மாற்ற வைத்தார்கள் என்று கருதுபவர் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அங்கே ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. 50 லட்சம் ரூபாய் வரையிலான முறையீடுகளை அது கட்டணமின்றி விசாரிக்கிறது.