கீசல்லோ அன்னையும் மிதிவண்டி வீரர்களும்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பங்கில் மாலைதோறும் தேவதாயின் வணக்கமாதச் செபம் நடைபெறும். செபமாலையும் பிரார்த்தனையும் முடிந்து, மக்களை அனுப்பிவிட்டு, கோவில் கதவைப் பூட்டிவிட்டு நான் அறைக்கு வரும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும். அப்போது இத்தாலியில் மாலை நான்கரை மணி. அந்நாட்டின் ஏதோ ஒரு மலைச்சாலையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மிதிவண்டி வீரர்கள் அன்றைய ஓட்டத்தின் இறுதி ஏற்றத்தில் இருப்பார்கள். கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன இட்லியோடு நான் உட்கார்ந்துவிடுவேன். சமையற்கார அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை. "பந்தும் இல்லை, மட்டையும் இல்லை, இதில் என்ன சாமி இருக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். 'ஜீரோ த இத்தாலியா' என்னும் இப்பந்தயம் மூன்று வாரம் நடக்கும். இருபத்தொரு கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றி பெறுகிறார். ஆகவே ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராதவர் பந்தயத்தை வென்றுவிட முடியும். சாலையோர இரசிகர்கள் முந்தின நாளே மலையேறிக் காத்துக் கிடப்பார்கள். வீரர்கள் கடந்துபோவதோ சில நிமிடம். ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூர் ரத வீதியில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முட்டுக்கட்டை போட்டு எங்கோ ஒரு முனையில் நிற்கும் தேர் எப்போது நகரும் என்று காத்திருப்பதே அன்றைய நாளின் பாதிச் சுவை.

பத்திரிகை விற்பனைக்காகப் பிறந்தவை இந்தப் பந்தயங்கள். 1903இல் பிரெஞ்சுப் பந்தயத்தைத் தொடங்கிய செய்தித்தாள் மஞ்சள் தாளில் அச்சானது. 1909இல் இத்தாலியப் பந்தயத்தைத் தொடங்கியது இளஞ்சிவப்புத் தாளில். முன்னணி வீரர் அணியும் சட்டையின் நிறம் அங்கிருந்தே வந்தது. வணிகம் தொடங்கி வைத்த ஒன்றை மக்கள் தங்கள் திருவிழாவாக்கிக் கொண்டார்கள்.

கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில், கீசல்லோ என்ற குன்றில் அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. கள்ளரிடம் சிக்கிய ஒருவர் அன்னையின் படத்தண்டை ஓடித் தப்பினார் என்று அவ்வூர் மரபு கூறுகிறது. ஏறிக் களைத்து வரும் மிதிவண்டிக்காரர்கள் அங்கே நின்று செபிப்பதைக் கண்ட பங்குக் குரு எர்மெலிந்தோ விகானோ, இவ்வன்னையை அவர்களின் பாதுகாவலியாக அறிவிக்கும்படி வேண்டினார். 1948இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்றிய தீபம் வீரர்களின் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் அவரே அந்த அறிவிப்பைச் செய்தார். 1995இல் பிரெஞ்சுப் பந்தயத்தின் ஓர் இறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் நெளிந்த மிதிவண்டி இன்றும் அச்சுவரில் தொங்குகிறது. வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களைப் பார்த்த நமக்கு அந்தச் சுவர் அந்நியமாகத் தோன்றாது.

அத்தீபத்தைச் சுமந்தவர்களுள் இருவர் ஜீனோ பார்த்தாலியும் ஃபௌஸ்தோ கோப்பியும். நம்மூரில் எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று தெருக்கள் பிரிந்ததுபோல் அன்றைய இத்தாலி இவ்விருவரால் பிரிந்து கிடந்தது. 1952இல் மலையேற்றத்தில் ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர்ப் புட்டியைக் கொடுக்கும் நிழற்படம் ஒன்று உண்டு. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை!

பார்த்தாலி 1914இல் பிளாரன்சு அருகே பிறந்தவர். கார்மேல் மூன்றாம் சபை உறுப்பினர். 1936இல் அவருடைய தம்பி ஜூலியோ ஒரு பந்தய விபத்தில் இறந்தார். 1938இல் பார்த்தாலி பிரெஞ்சுப் பந்தயத்தை வென்றார். பிறகு போர் வந்தது. பத்தாண்டு கழித்து, 1948 ஜூலை 14 அன்று, தலைவரைவிட 21 நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தபோது உரோமையில் பொதுவுடைமைத் தலைவர் தொலியாத்தி சுடப்பட்டார். நாடே கொந்தளித்தது. மறுநாள் ஆல்ப்ஸ் மலைகளில் முதலாவதாக வந்த பார்த்தாலி, அதற்கடுத்த நாளே மஞ்சள் சட்டையை அணிந்து, இறுதியில் பந்தயத்தையும் வென்றார். உள்நாட்டுப் போரை அவர் வெற்றி தடுத்தது என்பது மிகையே. காயமுற்ற தொலியாத்தியே அமைதி காக்கச் சொன்னது பெரிய காரணம் என்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவன்று. நாசிகள் ஆண்ட 1943-44இல், பிளாரன்சுக் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவும் யூத குரு நாத்தான் கசூத்தோவும் யூதர்களைக் காக்க மறைமுகமாக உழைத்தனர். பார்த்தாலி பயிற்சி என்று சொல்லி, போலி அடையாளத் தாள்களை மிதிவண்டிச் சட்டத்தின் குழாய்க்குள் ஒளித்து அசிசிக்கும் பிளாரன்சுக்கும் இடையே கொண்டு சென்றார் என்பது வரலாறு. ஒரு வழித் தொலைவே இராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் அளவு. ஒரு யூதக் குடும்பத்தைத் தம் வீட்டு நிலவறையில் ஒளித்தும் வைத்தார். போருக்குப்பின் இதைப்பற்றி அவர் பொதுவில் பேசியதே இல்லை எனலாம். 2000இல் அவர் இறந்தார். 2013இல் யாத் வாசெம் அவரை 'நாடுகளுள் நேர்மையாளர்' என அறிவித்தது.

இந்தக் கதையை எங்கள் இளைஞர்களுக்குச் சொல்லப் பல ஆண்டு தயங்கினேன். காரணம் உண்டு. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், அன்று உலகம் போற்றிய மிதிவண்டி வீரர் ஒருவரை மறையுரையில் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னேன். ஒருமுறையன்று, மூன்று முறை. பின்னர் அவர் ஊக்கமருந்து உட்கொண்டே வென்றவர் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அவர் பெயர் இங்கு வேண்டாம். விசாரிக்காமல் பீடத்திலிருந்து பேசியது என் பிழை. செய்தி வந்த வாரம், என் மறையுரையை நினைவில் வைத்திருந்த ஓர் இளைஞன் ஒன்றும் சொல்லாமல் நாளிதழை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஆகவே பார்த்தாலியைப் பற்றிச் சொல்லும்போது இன்று இதையும் சேர்த்தே சொல்கிறேன்: அசிசிப் பயணங்களுக்கான சான்றுகள் போதா என இத்தாலிய ஆய்வாளர் சிலர் எழுதியுள்ளனர், 1978இல் வெளியான, புனைவும் கலந்த ஒரு நூலை நம்பியே அச்செய்தி பரவியது என்பது அவர்கள் வாதம். நிலவறையில் ஒளிந்திருந்த குடும்பத்தின் மகன் தாமே அளித்த சாட்சியமோ உறுதியாக நிற்கிறது. எனக்கு அந்த நிலவறையே போதும்.

2025 மே 8 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுநாள் பந்தயம் தொடங்கியது. மே 31 அன்று ஃபினெஸ்த்ரே கணவாய். 2,178 மீட்டர் உயரம். கடைசி எட்டு கிலோமீட்டர் மண்பாதை. 2018இல், பதின்மூன்று நாள் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்திருந்த ஆங்கிலேயர் சைமன் யேட்ஸ், இதே ஏற்றம் இருந்த கட்டத்தில் 38 நிமிடத்துக்கும் மேல் இழந்து வீழ்ந்தார். இம்முறை அதே பாதையில் தனியே ஏறிப்போனார். அவருடைய அணித் தோழர் வவுட் வான் ஆர்ட் முன்னமே மலையைக் கடந்து, மறுபுறத்தில் காத்திருந்து, காற்றைத் தாம் எதிர்கொண்டு அவரை இழுத்துச் சென்றார். இப்படி உதவும் வீரரை இத்தாலியர் 'கிரெகாரியோ' என்பர். மந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1940இல் இருபது வயதுக் கோப்பி அணியில் சேர்ந்ததும் பார்த்தாலியின் கிரெகாரியோவாகத்தான். அவ்வாண்டு வென்றவரோ கோப்பி, உதவியவர் பார்த்தாலி! யேட்ஸ் ஒரு கட்டத்தையும் வெல்லாமலே பந்தயத்தை வென்றார்.

மறுநாள் வீரர்கள் வத்திக்கானுக்குள் மெல்ல மிதித்துச் சென்றனர். 1974இல் ஆறாம் சின்னப்பர் காலத்தில் பந்தயம் அங்கிருந்தே புறப்பட்டதுண்டு. லியோ அவர்களை வாழ்த்திய சதுக்கம், பண்டு நீரோவின் தேர்ப்பந்தயத் திடல் இருந்த பகுதி. முதல் மறைசாட்சிகள் இரத்தம் சிந்திய இடம். வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி நின்றார்கள்.

அன்று நான் தனியாகப் பார்க்கவில்லை. அந்த நாளிதழ் இளைஞன், இப்போது ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளன், இரவுப் பணிக்குப் போகும் வழியில் தன் மிதிவண்டியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தபின், "இவர் சுத்தமானவரா சாமி?" என்று கேட்டான். "இதுவரை அவரைப்பற்றி நான் மறையுரையில் சொல்லவில்லை" என்றேன். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.