மரங்களின் புத்தாண்டு

தை மாதத்துப் பௌர்ணமியன்று சிங்கப்பூரில் காவடி எடுப்போர், சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, டேங்க் ரோட்டில் செட்டிநாட்டு நகரத்தார் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி சந்நிதியை அடைகிறவரையில், தாம் அறியாமலே வேறொரு சமூகத்தாரின் சரித்திரத்தையும் காலால் அளந்துகொண்டு போகிறார்கள். வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிப் பிரியும் பெலிலியோஸ் தெரு, கல்கத்தாவிலிருந்து வந்து இவ்வட்டாரத்தில் கால்நடை வியாபாரம் நடத்திப் பெரும் பொருளீட்டிய ஒரு யூதரின் பெயரைத் தாங்கியது. தேக்காவைத் தாண்டிச் செலிகி சாலைக்குள் நுழையும் முனையிலே நிற்கும் எல்லிசன் கட்டடத்தின் நெற்றியில், 1924 என்ற ஆண்டும் தாவீதின் அறுகோண நட்சத்திரமும் பொறித்திருக்கக் காணலாம். டோபி காட் வட்டாரத்தில் இன்று ரயில் நிலையம் இருக்கும் இடத்தருகே ஒரு காலத்தில் யூதர்களின் முதல் இடுகாடு இருந்தது. டேங்க் ரோட்டை நெருங்கும்போது அணித்தேயுள்ள ஆக்ஸ்லி மேட்டில், சர் மானாசே மேயர் 1905இல் கட்டுவித்த செசெத்-எல் ஜெபாலயம் நிற்கிறது.

இதைக் காட்டிலும் வியப்பானது, காவடி போகும் அந்தப் பௌர்ணமியே யூதர்களுக்கும் ஒரு திருநாள் என்பது. அதன் பெயர் தூ பிஷ்வாத். ஷ்வாத் மாதத்துப் பதினைந்தாம் நாள் என்று பொருள். எபிரேய மொழியில் எழுத்துகளே எண்களாகவும் வழங்குவதால், பதினைந்தைப் பத்தும் ஐந்துமாக எழுதினால் இறைவனுடைய திருநாமத்தின் எழுத்துகள் வந்துவிடும் என்று அஞ்சி, ஒன்பதும் ஆறுமாக எழுதினார்கள். அந்த இரண்டு எழுத்துகளின் ஒலியே ‘தூ’ ஆயிற்று. சந்திரனைக் கொண்டு மாதத்தையும், பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஏழு அதிக மாதங்களைச் சேர்த்துச் சூரியனோடு பருவத்தையும் பொருத்துகிற பஞ்சாங்கம் அவர்களுடையது. ஆதலால் ஷ்வாத் மாதத்துப் பௌர்ணமி நம்முடைய தைப்பூசத்தோடு ஒரே நாளிலோ ஓரிரு நாள் முன்பின்னாகவோ வந்து நிற்கும். 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இரண்டும் ஒரே தேதியில் வந்தன.

தூ பிஷ்வாத்தைச் சிறு திருநாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தோரா என்னும் அவர்களுடைய மூல வேதத்தில் இதற்கு விதி இல்லை. இந்நாளில் தொழிலை நிறுத்த வேண்டியதில்லை. ஜெபாலயத்திலும் மன்றாட்டு ஜெபத்தை விடுவது, உபவாசத்தைத் தவிர்ப்பது என்பவற்றுக்கு மேல் பெரிய மாறுதல் இராது. ஆதியில் இது வரிக்கணக்கு நாள். ரபிமார் என்னும் யூத குருமார் தொகுத்த மிஷ்னா என்னும் சட்டநூல், ஆண்டுக்கு நான்கு புத்தாண்டுகள் உண்டென்று கூறுகிறது: அரசர்களுக்கு ஒன்று, ஆண்டுக் கணக்குக்கு ஒன்று, கால்நடைகளின் தசமபாகத்துக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று. மாட்டுக்கும் ஒரு புத்தாண்டா என்று பிறர் கேட்கலாம். மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிற நமக்கு அக்கேள்வி எழாது. மரங்களின் புத்தாண்டு ஷ்வாத் முதல் நாளே என்று ஷம்மாய் என்னும் பண்டிதரின் சீடர்களும், பதினைந்தாம் நாள் என்று ஹில்லேல் என்னும் பண்டிதரின் சீடர்களும் வாதிட்டனர். ஹில்லேலின் பக்கமே நின்றது. மாரிக்கால மழையின் பெரும்பகுதி பெய்து தீர்ந்து, வேர் வழியே சாறு மேலேறி, வாதுமை மரம் பூக்கத் தொடங்கும் காலம் அது. அன்றைக்கு முன் பூத்துக் காய்த்தவை சென்ற ஆண்டின் கணக்கிலும், பின் வந்தவை புதிய ஆண்டின் கணக்கிலும் சேரும். எந்த ஆண்டின் கனிக்கு எந்தப் பங்கை எருசலேமில் உண்பதற்கோ ஏழைகளுக்கோ ஒதுக்குவது என்பதை இதனைக் கொண்டே நிர்ணயித்தார்கள்.

கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்து, ஜனங்களும் நாலா திசைகளிலும் சிதறிய பிறகு, கணக்கெழுதும் தேவை பெரும்பாலும் போயிற்று. நாள் மட்டும் நின்றது. பதினாறாம் நூற்றாண்டில் கலிலேய மலைநாட்டு ஸஃபேத் நகரத்தில் கூடிய மறைஞானிகளின் வழி வந்தோர் அந்நாளுக்குப் புதிய உயிர் கொடுத்து, கனிகளை ஒரு முறைப்படி உண்ணும் சம்பிரதாயத்தை வகுத்தனர். மேல் ஓடு நீக்கித் தின்னும் மாதுளையும் கொட்டைப் பருப்புகளும் ஒரு வகை. சதையைத் தின்று உள்ளே கொட்டையைக் கழிக்கும் பேரீச்சையும் ஒலிவமும் ஒரு வகை. எதனையும் கழிக்காமல் முழுதும் உண்ணும் அத்தியும் திராட்சையும் ஒரு வகை. இடையிடையே நான்கு கிண்ணம் திராட்சரசம், முதலில் வெண்மையாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சிவந்துகொண்டே போகும். கொங்கணக் கரையில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ராயேலர் என்னும் யூதர் இந்நாளை எலியா தீர்க்கதரிசியின் திருநாளாகவே கொண்டனர். அலிபாக்கை அடுத்த கண்டாலா கிராமத்துப் பாறையில் அவருடைய ரதம் பதிந்த தடம் உண்டென்று நம்பி அங்கே யாத்திரை போய், அவலும் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் கலந்து, மேலே பழங்களை அடுக்கிய மலீதாவைப் படைத்து உண்பார்கள். அந்தத் தட்டைத் தமிழ் வீட்டுக் கூடத்தில் வைத்தால் ஒருவரும் அந்நியமென்று சொல்லமாட்டார்.

சிங்கப்பூருக்கு வந்த யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் நகரத்தைச் சேர்ந்தவர்கள். சூரத், பம்பாய், கல்கத்தா வழியாக வர்த்தகத்தைத் தொடர்ந்து கீழ்த்திசை வந்த இவர்கள், 1841இல் படகுத்துறைக்கு அருகில் ஒரு கடைவீட்டை வாடகைக்குப் பிடித்து ஜெபாலயமாக்கினார்கள். அந்தத் தெருவுக்கு இன்றும் ஜெபாலயத் தெரு என்பதே பெயர். 1878இல் வாட்டர்லூ தெருவில் மகைன் ஆபோத், அதாவது ‘பிதாக்களின் கேடயம்’, எழுந்தது. செல்வர்கள் கடற்கரைப் பக்கம் மாளிகை கட்டிக்கொள்ள, ஏழைகளும் நடுத்தரத்தாரும் மிடில் சாலை, செலிகி சாலை, வில்கி சாலை ஆகியவற்றைச் சுற்றி நெருங்கி வாழ்ந்த பகுதியை ‘மஹல்லா’ என்று அழைத்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் தங்கள் குடியிருப்பைக் குறிக்க வழங்கும் அதே அரபுச் சொல். 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் இச்சமூகத்தில் பிறந்தவர்.

பெரிய பண்டிகைகளில் என்ன உண்பது, எப்போது உண்பது என்பதைச் சாஸ்திரம் முன்பே வகுத்துவிடுகிறது. தூ பிஷ்வாத் என்னும் இந்தச் சிறு திருநாளிலோ சந்தையில் கிடைக்கும் கனியே புதிய கேள்விகளை எழுப்பிவிடும். கனியை வாயில் இடுமுன் கடவுளைத் துதிக்க வேண்டும். மரத்தின் கனிக்கு ஒரு துதி, மண்ணின் விளைவுக்கு வேறொரு துதி. வாழைப்பழத்துக்கு எந்தத் துதி? குலை தள்ளியதும் தண்டு பட்டுப்போய்க் கிழங்கிலிருந்து கன்று கிளைப்பதால் வாழை மரமன்று. ஆகையால் மண்ணின் துதியே உரியது என்றார்கள். வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்துப் பனையையும் தெங்கையும் புல்லின் இனத்தில் சேர்த்த தொல்காப்பிய மரபில் வந்தவர்களுக்கு இந்த விசாரணை புதிதாகத் தோன்றாது. பப்பாளியோ இன்னும் சிக்கலானது. நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது என்பது, தசமபாகத்தைப் போலப் புண்ணிய பூமியோடு நின்றுவிடாமல், எந்த நாட்டிலும் செல்லும் விதி. பப்பாளியை மரமென்று கொண்டால், நட்ட ஓராண்டுக்குள் காய்த்துச் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் அதன் பழம் யூதர் வாய்க்கு எட்டாது. பாக்தாதின் மகாபண்டிதர் யோசேப் ஹயீம் (1835–1909), தாம் எழுதிய நூலின் பெயரால் ‘பென் இஷ் ஹை’ என்றே புகழ்பெற்றவர், இதனை ஆராய்ந்தார். அதன் தண்டு உள்ளீடற்றது, காய் கிளையில் அல்லாமல் தண்டிலேயே தொங்குகிறது, அற்பாயுள் உடையது என்பன போன்ற காரணங்களைக் காட்டி, அது மரமன்று எனத் தீர்த்தார். தேக்காச் சந்தையின் பப்பாளி, பாக்தாதின் நியாயாதிகாரத்தால் யூதர் வீட்டு மேசை ஏறிற்று.

மூன்றாண்டு விலக்குக்கு ஆளான மரத்தின் வயதை எண்ணுவதற்கு ஷ்வாத் பதினைந்து இன்றும் பயன்படுகிறது. மூன்றாண்டு கடந்ததும் நான்காம் ஆண்டின் கனியை அன்றைய தினத்தை எல்லையாக வைத்தே அறிகிறார்கள். இங்கே மிஷ்னா ஒரு நுட்பம் சொல்கிறது. ஒரு மரத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டால் அதன் வயதை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமா? வேரோடு ஒட்டி வந்த மண்கட்டியைப் பார் என்கிறது சாஸ்திரம். அந்த மண்ணைக் கொண்டே அது பிழைத்திருக்கக்கூடுமாயின் பழைய வயது தொடரும், பிழைக்காதென்றால் புதுக்கணக்கு.

ஆக்ஸ்லி மேடு ஒரு காலத்தில் டாக்டர் ஆக்ஸ்லியின் ஜாதிக்காய்த் தோட்டம். நோய் கண்டு அம்மரங்கள் பட்டுப்போயின. அதே மேட்டில் பாக்தாத்தார் தம் வேதச்சுருளை வைத்து ஜெபாலயம் எழுப்பினார்கள்; சற்றுத் தள்ளிச் செட்டிநாட்டார் தம் வேலவனை நிறுத்தினார்கள். தைப் பௌர்ணமி நிலவில் ஒரு சாரார் கனித்தட்டின் முன் அமர, மற்றொரு சாரார் பால்குடம் ஏந்தி நடக்கையில், இரு சாராரின் வேரிலும் ஒட்டி வந்த மண்கட்டி இன்னும் உதிராமல் இருப்பதைக் காண்கிறோம்.