கேட்டுக்கொண்டே பாட வந்த வழி

வீட்டுக் கணினியில் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்த அன்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'ச' பிடித்தேன். சற்றுப் பொறுத்துத்தான் என் குரல் காதுக்கு வந்தது, ரிவெர்ப் என்கிற மண்டபத்து எதிரொலியெல்லாம் பூசிக்கொண்டு. அதற்காகக் காத்திருந்தால் தாளம் போயிற்று. கேட்காத மாதிரி பாடினால் சுருதி போயிற்று. ஒரு மணி நேரம் மைக்கையே திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதன்மேல் குற்றமே இல்லை.

தன் குரல் பிந்திக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்குக் குழறும். பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் 1950-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்: சரளமாகப் பேசுகிறவர்கூடத் திக்க ஆரம்பித்துவிடுகிறார்.

நாடாக் காலத்திலும் இந்தத் தகராறு உண்டு. டேப் ரெக்கார்டரில் பதியும் ஹெட் ஒன்று, அதைத் தாண்டி ஒலிக்கும் ஹெட் இன்னொன்று. நடுவே 2 அங்குலம் இருந்து, நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், 133 மில்லிநொடி பிந்தும். பழைய ட்ராக்கைக் கேட்டுக்கொண்டே புதிதாகப் பாடினால் இரண்டும் ஒட்டாது. ஆம்பெக்ஸ் கம்பெனியின் ராஸ் ஸ்னைடர் 1955-இல் இதற்கு வழி சொன்னார்: பதியும் ஹெட்டையே பழைய ட்ராக்கை ஒலிக்கவும் வைத்துக்கொள்வது. 'செல்-சிங்க்' என்று அதற்குப் பெயர். அந்த வசதியோடு வந்த முதல் 8 ட்ராக் மெஷின் 1957-இல் கிதார் கலைஞர் லெஸ் பாலிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தன் வீட்டிலேயே பதிவு செய்கிறவர் என்பது நமக்கெல்லாம் ஒரு ஆறுதல்.

கணினியில் ஹெட் கிடையாது, பஃபர் உண்டு. குழாயடிக் குடம் மாதிரிதான். நொடிக்கு 44,100 துணுக்குகளாக ஒலி சொட்டுகிறது; குடம் நிரம்பினால்தான் கணினி தூக்கிக்கொண்டு போகும். 1,024 துணுக்கு பிடிக்கிற குடம் நிரம்ப 23 மில்லிநொடி. வெளியே வரும்போது இன்னொரு குடம், இன்னொரு 23. சரி, சொம்பை வைத்தால்? சீக்கிரம் நிரம்பும், ஆனால் ஓட்டமாக ஓட வேண்டும். ஒரு நடை தவறினாலும் ஹெட்போனில் 'டொக்', 'கரகர'.

இந்தத் தாமதத்துக்கு வழி கண்டது ஜெர்மனியில் ஒரு கம்பெனி. ஹாம்பர்க் நகரில் கார்ல் ஸ்டைன்பெர்க்கும் மான்ஃபிரெட் ரியூருப்பும் 1984-இல் தொடங்கிய கம்பெனி ஸ்டைன்பெர்க். அவர்களுடைய கியூபேஸ் 1989-இல் அட்டாரி கணினிக்காக வந்தது. அப்போது அது இசை நோட்டுகளை வரிசைப்படுத்தும் மென்பொருள்தான். 1996-இல் மேக்கில் வந்த கியூபேஸ் வி.எஸ்.டி. வேறு ஜாதி. எக்கோ, ரிவெர்ப் மாதிரியான ஒலி மெருகு எல்லாவற்றையும் தனிப் பெட்டி இல்லாமல் கணினியின் பிராசஸரே அந்தந்தக் கணத்தில் போட்டுக் காட்டியது. ஆனால் ஏற்கெனவே பதிந்த ட்ராக்குக்குப் போடுவது சுலபம். மென்பொருள் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளலாம். பாடிக்கொண்டிருக்கிற குரலை யார் முன்கூட்டிப் படிப்பது? அதிலும் விண்டோஸில் ஒலி பல மென்பொருள் அடுக்குகளைக் கடந்து போக வேண்டும். 100 மில்லிநொடியைத் தாண்டுவது அன்றைக்குச் சாதாரணம்.

அந்த அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைதான் 1997-இல் அதே கம்பெனி வெளியிட்ட ஏஸியோ. சவுண்ட் கார்டின் டிரைவரும் இசை மென்பொருளும் நடுவில் ஆள் இல்லாமல் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு பஃபர்; ஒன்று நிரம்பும்போது மற்றதில் வேலை நடக்கும், பிறகு இடம் மாறும். இவ்வளவுதான் சூத்திரம். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டதால், போட்டி மென்பொருள்களும் இதே வழிக்கு வந்தன. பேரும் புகழும் வி.எஸ்.டி.க்குப் போனது. என்னைக் கேட்டால், வீட்டில் பாடுகிறவனுக்குக் கைகொடுத்தது ஏஸியோதான்.

இதில் ஒரு வேடிக்கை: காதில் கேட்கிற ரிவெர்ப் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. டிஸ்கில் ஏறுவது வெறும் குரல். ரிவெர்ப் பாடுகிறவருக்குத் தெம்பு தரத்தான். குளியலறையில் எல்லாருக்கும் குரல் நன்றாக இருப்பது போல. பிடிக்காவிட்டால் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். தாமதமே வேண்டாம் என்றால் மைக்கின் ஒலியை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்தே நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. அதில் கணினி போடும் ரிவெர்ப் மட்டும் வராது.

என் விஷயத்தில், ஏஸியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்காமலே விட்டிருந்தேன். தேர்ந்தெடுத்து, பஃபரை 128 ஆக்கினேன். உள்ளே 3, வெளியே 3, ஆக 6 மில்லிநொடி. இரண்டு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்பது போல. உடனே கரகரப்பு ஆரம்பித்தது. கனமான ரிவெர்பை எடுத்துவிட்டு லேசான ஒன்றைப் போட்டதும் அதுவும் அடங்கியது. 'ச' பிடித்தேன். குரல் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரியில் அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, கச்சேரி மண்டபத்து ரிவெர்போடு, அதே கணத்தில்.