காவலூர் தொலைநோக்கி: வாங்கியதா, செய்ததா?

பழைய ஜீப்பை உயர்த்த ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில் செய்து போடுவதா, ரெடிமேடாக வாங்குவதா என்று நம் வகுப்பில் பெரிய சண்டையே நடந்ததல்லவா? ஜவ்வாது மலையில் இதே கேள்வி தொலைநோக்கிக்கு வந்தது.

ஆலங்காயம் பக்கத்துக் காவலூரில் 1968-ல் வானியலாளர் வைணு பாப்பு முதலில் வைத்தது 38 செ.மீ. தொலைநோக்கி. கொடைக்கானல் ஆய்வகத்திலேயே செய்தது. ஏழை நாடு முதலில் வாங்கும், பிறகுதான் செய்யப் பழகும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ்! கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் 1 மீட்டர் தொலைநோக்கி 1972-ல்தான் வந்தது. வாங்கியதற்குப் பலன் உடனே. அதே வருடம் வியாழனின் துணைக்கோள் கனிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை அதில் பதிவு செய்தார்கள்.

ஆனாலும் அடுத்த 2.3 மீட்டரை இங்கேயே செய்ய வேண்டும் என்றார் பாப்பு. எல்லாவற்றையுமா? இல்லை. கண்ணாடி வட்டு ஜெர்மனியில் வாங்கியது. தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனம். ஒளி அலையின் நீளத்தில் சிறு பங்குகூடப் பிசகக் கூடாத வேலை அது (ஜீப் பட்டறை மன்னிக்கவும்!). இரும்பு வேலை வால்சந்த்நகர் தொழிற்சாலை, இயக்கும் கட்டுப்பாடு பாபா அணு ஆராய்ச்சி மையம்.

இதற்குக் கொடுத்த விலை காலம். பாப்பு 1982-ல் இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தி அதைத் திறந்து அவர் பெயரையே வைத்தார். வாங்கியிருந்தால் அவரே அதில் வானம் பார்த்திருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.