மணல்வெளியின் தளபதிகள் (நாவல்)

'மணல்வெளியின் தளபதிகள்' பிரேசில் எழுத்தாளர் ஜோர்ஜ் அமாடோ (1912–2001) போர்த்துக்கேய மொழியில் எழுதிய நாவல். மூலத் தலைப்பு 'கப்பிதாயிஸ் ட அரேயா'. 1937-ல் வெளிவந்தது. பாகியா மாநிலத் தலைநகரான சால்வடோரின் துறைமுகத்தருகே, பாழடைந்த கிடங்கில் படுத்துறங்கித் திருடிப் பிழைக்கும் சிறுவர் கூட்டத்தின் கதை. தலைவன் பெட்ரோ பாலாவுக்கு வயது 15. (போர்த்துக்கேய மொழியில் பாலா என்றால் துப்பாக்கிக் குண்டு.) அவன் தந்தை துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டு இறந்தவர்.

துரத்தல், களவு, சிறையுடைப்பு என விறுவிறுப்பான கதைபோல நாவல் ஓடினாலும், தொடக்கம் அப்படியில்லை. கற்பனைச் செய்தித்தாள் ஒன்றின் செய்தியும் அதற்கு வந்த கடிதங்களுமே முதல் பக்கங்கள். சிறுவர்களை அடக்குவது யார் பொறுப்பு என்பதில் காவல்துறையும் சிறார் நீதிபதியும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றனர். சீர்திருத்தப் பள்ளியில் பிள்ளைகளை அடிக்கிறார்கள் என்று தையல் வேலை செய்யும் தாய் ஒருத்தி எழுதும் கடிதம் விளம்பரங்களுக்கு நடுவே அச்சாகிறது. பள்ளி இயக்குநரின் மறுப்புக்கோ நல்ல வரவேற்பு.

இச்சிறுவர்களுக்கு உதவ முடியுமா என்பதே நாவலின் உள்ளோட்டம். ஜோசே பெட்ரோ என்னும் ஏழைப் பாதிரியார் முயல்கிறார். நகரில் அம்மை பரவுகிறது. நோய் கண்ட ஏழைகளைக் கொண்டுபோகும் தனிமை மருத்துவமனையிலிருந்து பலர் திரும்புவதில்லை. நோயுற்ற சிறுவனைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்காததற்காகத் திருச்சபை மேலிடம் பாதிரியாரைக் கண்டிக்கிறது.

இதைவிடக் கூர்மையானது செம் பெர்னாஸ் என்ற கால் ஊனமுற்ற சிறுவனின் பகுதி. அனாதை என்று சொல்லிப் பணக்கார வீடுகளில் அடைக்கலம் புகுந்து, பொருள் இருக்குமிடம் அறிந்து கூட்டத்துக்குச் சொல்வது அவன் வேலை. ஒரு வீட்டில், மகனை இழந்த தம்பதியர் அவனை உண்மையாகவே மகனாக நேசிக்கின்றனர். அவன் தடுமாறுகிறான், ஆனாலும் கூட்டாளிகளைக் கைவிட முடியாமல் அந்த வீட்டையும் காட்டிக்கொடுக்கிறான். முன்பு காவலர்கள் அவனை நொண்டிக்கொண்டே ஓடவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். பிற்பாடு காவலர் துரத்தும்போது, பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று உயரத்திலிருந்து குதித்துவிடுகிறான். நாவலின் மிகச் சிறந்த பாத்திரம் தலைவன் பாலா அல்ல, இவனே எனலாம். முடிவில் பாலா தொழிலாளர் போராட்டத் தலைவனாவது சற்றே பிரசார வாடை கொண்டது. அமாடோ அக்காலத்தில் கம்யூனிஸ்ட்.

1937 நவம்பர் 10-ல் கெட்டூலியோ வர்காஸ் 'புதிய அரசு' என்ற பெயரில் சர்வாதிகார ஆட்சியை நிறுவினார். ஒன்பது நாள் கழித்து, கதை நடக்கும் அதே சால்வடோரில், கம்யூனிசப் பிரசாரம் என்று குற்றஞ்சாட்டி நூல்கள் பொதுவெளியில் எரிக்கப்பட்டன. அவற்றுள் இந்நாவலின் படிகள் மட்டும் 800-க்கு மேல். மறுபதிப்பு 1944-ல்தான் வந்தது. கிரெகரி ரபாசாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1988-ல் வெளியானது.

பிரேசிலில் குழந்தைகளை உரிமையுள்ளவர்களாக ஏற்கும் சட்டம் 1990 ஜூலை 13-ல் நிறைவேறியது. மூன்று ஆண்டுகளில், 1993 ஜூலை 23-ல், ரியோ டி ஜெனிரோவின் கண்டெலாரியா தேவாலயத்தருகே உறங்கிய தெருச்சிறுவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. எட்டுப் பேர் இறந்தனர். காவல்துறையைச் சேர்ந்தோரும் தண்டிக்கப்பட்டனர்.

நாவலை அமாடோவின் பேத்தி செசிலியா அமாடோ 2011-ல் திரைப்படமாக்கினார்.